பாலைவன ஏரிக்கு வாங்கிய தொப்பி

ஜூன், வியாழக்கிழமை இரவு.

அமெரிக்காவில் பாலைவனத்துக்கு நடுவே இருக்கும் ஓர் ஏரிக்குப் போக வீட்டில் திட்டம் போடுகிறார்கள். படகு, நீச்சல், கரையில் கூடாரம். லண்டனில் என் கடையைத் திறந்த நாளிலிருந்து நான் எங்கும் சுற்றுலாப் போனதில்லை. இந்த முறை போவதென்று முடிவெடுத்து, கடையைப் பார்த்துக்கொள்ளும்படி மச்சானிடம் இன்றுதான் பேசினேன். வரும் வழியில் அகன்ற விளிம்பு வைத்த வெயில் தொப்பி ஒன்றும் வாங்கினேன்.

வீட்டுக்குள் நுழையும்போது மகள் படகு பதிவுசெய்துகொண்டிருந்தாள்.

"நாலு பேர் போற படகே எங்களுக்குக் காணும் அம்மா. நீங்கள், நான், தம்பி, சட்டனில இருக்கிற பெரியம்மா."

"அப்பாவையும் ஒருக்காக் கேளன்," என்றாள் மனைவி.

"அப்பாவோ? வந்தாரெண்டால் கரையில நிண்டு தண்ணிப் போத்தல் விப்பார்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னைக் கண்ட பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. நானும் சிரித்தேன்.

"ஓம், கடையை ஆர் பாக்கிறது? நீங்கள் போயிட்டு வாங்கோ," என்றேன்.

தொப்பிப் பை என் கையில்தான் இருந்தது. என்ன வாங்கினீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கலியாண வீட்டுக்கும் பெண் பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு வீட்டுக்கும் இவர்களை முன்னால் அனுப்பிவிட்டு, கடை பூட்டியபின் ஆறிய சாப்பாட்டுக்குப் போய்ச் சேருகிறவன் நான். கிறிஸ்மசுக்கும் பூட்டாத அந்தக் கடைதான் இவர்களை ஏரிக்கும் அனுப்புகிறது. அதை மட்டும் ஒருவரும் பகிடியாகக்கூடச் சொல்வதில்லை.

தொப்பியைத் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. நாளைக்குக் கடை வாசலில், குடைகளுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவேன். லண்டனில் அது விலைப்படாது என்று எனக்குத் தெரியும்.