புகார் இல்லாத லைப்ரரி

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மேகம். மழை இல்லை, காற்று மட்டும். தாடிக்கொம்பு விவசாயி சின்னப்பன் வந்தார். கிணற்றில் தோல் பட்டறைக் கழிவு இறங்குவதாக அவர் கொடுத்த மனு மீது திங்களன்று விசாரணை. பட்டறை வருமுன் தண்ணீர் நன்றாக இருந்ததற்குச் சான்று கேட்கிறார்களாம்.

"அப்ப இந்தப் பக்கத்துச் சேதியெல்லாம் நீங்கதான அய்யா எழுதுனீக. ஏதாச்சும் வந்திருக்கும்ல?"

வந்திருக்கும். பத்திரிகை அலுவலகத்து அச்சுப் பிரதிகளைக் கரையான் தின்றாயிற்று. மிச்சம் என் பழைய சி.டி.க்கள். எல்லாம் அந்தக் காலத்து எழுத்துருவில் தட்டியவை. இன்று திறந்தால் தமிழ் இல்லை, ஆங்கிலக் குறிகளின் குப்பை. நூற்றுக்கணக்கான கோப்புகள். ஒவ்வொன்றாகக் கையால் மாற்றி மாளாது. புரோகிராம் எழுத வேண்டும்.

வாங்க: பிரஷர் மாத்திரை, பென் டிரைவ்.

ஆக. 6, புதன்

பஸ் ஸ்டாண்டு அருகே பஷீரின் கம்ப்யூட்டர் கடை. முன்பு வேடசந்தூர் மில்லில் கணினிப் பிரிவில் இருந்தவர். புரோகிராமை எந்தக் கணினி மொழியில் எழுதுவது என்று காலை முழுக்கப் பேச்சு. அவருக்கு ரஸ்ட் மேல் காதல், எனக்குப் பைத்தான்.

"ராக்கெட்டுண்ணே அது. பைத்தான்லாம் கட்டை வண்டி."

"பழைய எழுத்துருவை மாத்துறதுக்கு யாராச்சும் முன்னாடியே எழுதி வச்ச லைப்ரரி அதுல இருக்கா, பஷீர்?"

"ஒண்ணு இருக்கு. பாருங்க, பயன்படுத்துறவங்க எழுதுற பக்கத்துல ஒரு புகார்கூட இல்ல. அம்புட்டுச் சுத்தம்."

பைத்தான் லைப்ரரியின் பக்கத்தைத் திறந்தேன். பக்கம் பக்கமாகப் புகார். சிலது வசவு. பலவற்றுக்குப் பதில், திருத்தம்.

மனுவே வராத ஊர்களைப் பார்த்திருக்கிறேன். குறை இல்லாமல் இல்லை. மனு கொடுக்க வர அங்கிருந்து பஸ் இல்லை.

"புகார் இல்லைன்னா அந்தப் பக்கம் ஆளே போகலைன்னு அர்த்தம்."

"உங்களுக்கு நல்ல சேதியே பிடிக்காதுண்ணே."

பைத்தான் என்று முடிவு.

ஆக. 7, வியாழன்

வெயில். லைப்ரரியைக் கணினியில் நிறுவும்போதே பிழை. பஷீர் முகத்தில் லேசான மகிழ்ச்சி.

"கட்டை வண்டி அச்சு முறிஞ்சுபோச்சாண்ணே?"

பிழைச் செய்தியை அப்படியே போட்டுத் தேடினேன். வேறு யாரோ முன்பே இதில் மாட்டி, பதிலும் வாங்கியிருக்கிறார். ஒரு வரி மாற்றம். ஓடியது.

முதல் கோப்பு தமிழாக வந்தது: நிலக்கோட்டை மல்லிகை விலை. பஷீர் கடைசி வரி வரை சத்தமாக வாசித்தார். கேலி இல்லை.

ஆக. 8, வெள்ளி

எல்லாக் கோப்பும் மாறியாயிற்று; கிணறு, கிணற்று, தாடிக்கொம்பு எனத் தேடல். பெரிய செய்திகளில் ஒன்றும் இல்லை. மதியம் அகப்பட்டது, பட்டறை வருமுன் ஒரு வறட்சிக் காலத்துத் துணுக்கு: சின்னப்பன் கிணறு மட்டும் வற்றவில்லை, குடிதண்ணீருக்குப் பக்கத்து ஊர்ப் பெண்கள் குடத்துடன் வரிசை. எழுதியதே நினைவில் இல்லை.

ஆக. 11, திங்கள்

கோட்டாட்சியர் அலுவலகம். புழுக்கம். பட்டறை வக்கீல்: "கம்ப்யூட்டர்ல என்ன வேணும்னாலும் மாத்தலாம் சார்."

பழைய கோப்பு, மாற்றியது, எந்தக் குறி எந்த எழுத்தாகிறது என்ற லைப்ரரியின் அட்டவணை, மூன்றையும் கொடுத்தேன். அதிகாரி பேனாவை எடுத்து, ஒரு வரியை எழுத்தெழுத்தாகத் தானே மாற்றிப் பார்த்தார். சரியாக வந்தது. வியாழனன்று கிணற்றை நேரில் பார்க்க வருகிறார்.

வெளியே வந்ததும் சின்னப்பன்: "வர்றவுக அந்தத் தண்ணிய ஒரு வாய் குடிச்சுப் பாப்பாகளா, அய்யா?"