பின்வரிசைக்காரி

மார்ச் 4
குழந்தைகள் இல்லத்தில் நடன வகுப்பு. சாப்பாட்டு மேசைகளை ஓரங்கட்டினோம். தரை பிசுபிசுப்பு. புதிதாக வந்த பதினோரு வயதுக்காரி கடைசி வரிசையில், கதவை ஒட்டி நின்றாள். கை நன்றாக ஓடுகிறது. வாய்தான் திறக்கவில்லை. பின்னால் யாராவது வந்தால் உடம்பு விறைத்துப்போகிறது. பிள்ளைகள் அதற்குள் 'ஊமைக்கோட்டான்' என்று பேர் வைத்துவிட்டார்கள். அதட்டினேன். நாளைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மார்ச் 7
வார்டன் அம்மா கூப்பிட்டார். "அந்தப் புதுப் பொண்ணு ரெண்டு தடவை கேட்டைத் தாண்டி ஓடிட்டா. இன்னொரு தடவை ஓடினா, பூட்டி வைக்கிற இல்லத்துக்கு அனுப்பிடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல டீச்சர்."
அங்கே நடன வகுப்பு உண்டா என்று கேட்டேன். சிரித்தார். கேட்டிருக்க வேண்டாம்.

மார்ச் 15
கடைசி வரிசை இப்போது அவளுடையது. கேட்டு வாங்கவில்லை. யாரும் போட்டிக்கும் வரவில்லை.

மார்ச் 21
நடனத்தில் ஒரு அரைச்சுற்று சேர்த்தேன். மனசுக்குள் அழகாகத்தான் இருந்தது. "எல்லாரும் திரும்புங்க!" என்றேன்.
எல்லோரும் திரும்பினால் கடைசி வரிசை முதல் வரிசை ஆகிவிடும். நடனம் கற்றுத்தரும் எவளுக்கும் தெரிந்த சங்கதி. எனக்குத் தெரியாதா? ஒரே நொடியில் அத்தனை பேரும் அவள் முதுகுக்குப் பின்னால்!
ஓடிவிட்டாள்.
நானும் ஓடினேன், முட்டி வலியோடு. கேட்டைப் பாதி திறந்து, ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளேயாக நின்றிருந்தாள். கிட்டே போகவில்லை.
"தப்பு என்னோடதுதான்மா. திரும்பறதையே எடுத்துடறேன்."
கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "எடுக்க வேணாம். திரும்பறதுக்கு முன்னாடி சொல்லுங்க."
அவள் குரலை இன்றுதான் கேட்டேன்.
மாடி ஜன்னலிலிருந்து வார்டன் கத்தினார்: "தாண்டிட்டாளா?"
"தாண்டல" என்றேன். வெளியே இருந்த காலை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மார்ச் 22
வீட்டில் அக்காவின் விசாரணை: "நொண்டிக்கிட்டே வர்றியே, நீயெல்லாம் டான்ஸ் டீச்சரா?" சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது, அக்கா மேல் இல்லை. இத்தனை வருஷம் கற்றுக்கொடுத்து என்னத்தைக் கிழித்தேன்?

ஏப்ரல் 2
இப்போதெல்லாம் சொல்லிவிட்டுத்தான் திருப்புகிறேன். "பின்னால ஆள் இருப்பாங்க. திரும்பப் போறோம்."
ஒன்று கவனித்தேன். அவளுக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் மூன்று நான்கு பேருக்குத் தோள் தளர்கிறது. சேட்டைக்காரி என்று நான் பேர் வைத்தவளுக்கும்தான். இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் திரும்பியிருக்கிறார்கள்.
கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் 9
முட்டிக்கு ஒத்தடம். வகுப்பு இல்லை.

ஏப்ரல் 19
அவளை மாற்றுவதா வேண்டாமா என்று பார்க்க வந்த குழந்தைகள் நலக் குழு, அவள் இங்கேயே இருக்கலாம் என்று முடிவு செய்துவிட்டது. சாயங்காலம் வார்டன் அம்மாவே வந்து சொன்னார், பாதி சிரிப்பும் பாதி முறைப்புமாக.
முறைப்புக்குக் காரணம் காலையில் நடந்தது. குழுவினர் நாற்காலிகளில் இருந்தார்கள். பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். குழுத் தலைவர் நல்ல மனிதர்தான், படம் எடுக்கிறேன் என்று செல்போனோடு எழுந்து கடைசி வரிசைக்குப் பின்னால் போனார். கதவும் திறந்துதான் கிடந்தது.
அவள் ஓடவில்லை. ஆடிக்கொண்டே தலையை மட்டும் திருப்பினாள்.
"சார், பின்னால வர்றதா இருந்தா கேட்டுட்டு வாங்க."
அவர் நின்றுவிட்டார். "சரிம்மா. வரலாமா?"
அவள் கொஞ்சம் யோசித்தாள்.
"வேணாம்."
அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் ஆடி முடித்தார்கள்.