மலக்கி டார்ப்பியை யாரும் கூப்பிடவில்லை

அன்பு மகள் அட்ராக்டாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. பாஸ்டன் குளிரில் நீயும் பிள்ளைகளும் இருமாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். உருளைக்கிழங்கு தோண்டியாயிற்று, சிவப்புப் பசு கன்று போட்டது, அதெல்லாம் கிடக்கட்டும். நம் ஊர் நடனக் கூடத்தை இழுத்து மூடிவிட்டார்கள். நன்றாக வேண்டும் அந்த மலக்கி டார்ப்பிக்கு! அவன் அதைக் கட்டிய புதிதில் மூன்று ஊர் சைக்கிள்கள் வேலியோரம் சாய்ந்திருக்கும். உள்ளே ஒரு சுவரோரம் ஆண்கள், எதிர்ச் சுவரோரம் நாங்கள். ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் பெண்கள் போய் ஆண்களை ஆடக் கூப்பிடலாம், கூப்பிட்டால் எவனும் மறுக்கக்கூடாது. உன் டெலியா சித்தி, அப்போது பத்தொன்பது வயது, நேரே போய் முதலாளியையே கூப்பிட்டாள். அவன் மேலும் கீழும் பார்த்து, "சாணி அள்ளுன கையக் கழுவிட்டு வந்தியா?" என்று கேட்டான். கூடமே சிரித்தது. அவ்வளவு பெரிய தரையை அவள் தனியாகத் திரும்பிக் கடந்தாள். அந்த வாரமே இங்கிலாந்துக்குக் கப்பலேறினாள், எங்கள் அம்மா சாவுக்குக்கூட வரவில்லை. இருபத்தேழு வருஷமாக என் வயிறு எரிகிறது.

பிறகு ஹோட்டல்காரர்கள் மதுவோடு ஆட்டமும் வைத்தார்கள். டீயும் சோடாவும் விற்கிற இவனிடம் யார் போவார்கள்? கூரை ஒழுகியது, வாத்தியக்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். போன ஞாயிறு மதியம் இசைத்தட்டு வைத்துக் கடைசி ஆட்டம் என்றான். நான் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் சொல்லிவைத்தேன். பெண்கள் கூப்பிடுகிற அந்தப் பாட்டு வந்தது. மலக்கி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடுவில் வந்து நின்றான். நாங்கள் ஆளுக்கொருவரை இழுத்துக்கொண்டு அவனைச் சுற்றி ஆடினோம், அந்த முழங்கால் வலியோடு உன் அப்பாவும்தான். பாட்டு முடியும்வரை அவன் அப்படியே நின்றான். பக்கத்து வீட்டு மோரா, "பாவம்டி" என்றாள். "வாய மூடிட்டு ஆடு" என்றேன். அன்று எனக்கு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

திங்களன்று டெலியாவுக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள், "அவரு தனியாவா நின்னாரு, நோனி? நான் அங்க இருந்திருந்தா திரும்பவும் கூப்பிட்டிருப்பேனே" என்று அழுதாள். கோபத்தில் போனை வைத்துவிட்டேன். இனி யாருக்காக நான் எரிவது?

தேவமாதா உங்களைக் காப்பாற்றட்டும். பிள்ளைகளுக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், வெந்நீரில் துவைக்காதே. சித்திக்கு நாலு வரி எழுது, நான் சொன்னதாகச் சொல்லாதே.

உன் அம்மா,
நோனி