நீ கால்வாசி மட்டுமே திறந்த வால்வு

மச்சான்,

இன்று காலை பிளேன்டீயைக் கலக்கிவிட்டுக் கரண்டியை எடுத்தேன். தூள் ஓரத்துக்குப் போகாமல் கிளாஸின் அடியில், நடுவில் வந்து குவிந்தது. நீ இருந்திருந்தால் கிளாஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்திருப்பாய். "பெருசெல்லாம் கீழ கூடிருச்சு, பொடிசு இன்னும் சுத்துது பாரு" என்று சொல்லிச் சொல்லியே என் டீயை ஆறவைத்திருப்பாய்.

லயத்துக்கு மேலே உள்ள தண்ணீர்த் தாங்கியை நாம் இருவரும்தான் பார்த்துக்கொண்டோம். மழை விழுந்தால் அதில் வந்து விழும் ஓடை கலங்கி வரும். மணல் உடனே இறங்கிவிடும், சேறு ஒரு நாள் எடுக்கும், மாவு போன்ற களிமண் மட்டும் மூன்று நாளானாலும் மிதந்துகொண்டே இருக்கும். போத்தலில் பிடித்துவைத்து இதைக் கண்டுபிடித்தவன் நீ. வால்வைக் கால்வாசிக்கு மேல் திறக்கமாட்டாய். "வேகமா விட்டா அடியில படுத்ததெல்லாம் எந்திரிச்சிரும்டா" என்பாய். குடத்தோடு நிற்கும் பெண்கள் திட்டுவார்கள். உனக்கு உறைக்கவே உறைக்காது.

பல வருடங்களுக்கு முன் ஒரு அம்மன் திருவிழாவன்று, தாங்கிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு நீ கரகம் பாலித்து எடுத்துவர ஆற்றுக்குப் போய்விட்டாய். வீட்டுக்கு வீடு விருந்தாளிகள். தாங்கியில் மேல்தண்ணீர் தெளிவாக இருந்தது. எனக்கு எப்போதும் அவசரம்தானே, முழுசாகத் திறந்துவிட்டேன். லேசாகக் கலங்கித்தான் வந்தது, சமையல் பரபரப்பில் யாரும் கவனிக்கவில்லை. இரண்டு நாளில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். என் மகளுக்கு ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறியது.

கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ எழுந்து, "நான்தாங்க முழுசா தொறக்கச் சொல்லிட்டுப் போனேன்" என்றாய். நான் பேசாமல் நின்றேன். உன்னிடமிருந்த தாங்கிச் சாவியை வாங்கி என்னிடம் கொடுத்தார்கள். அதையும் பேசாமல் வாங்கிக்கொண்டேன். வெளியே வந்ததும், "மொதல்ல புள்ளையப் பாரு" என்று மட்டும் சொன்னாய். பிள்ளைகள் எல்லாம் தேறிவிட்டார்கள். நீ அதன்பிறகு தாங்கிப் பக்கம் வரவே இல்லை.

போன வாரம் உன் கருமாதியில் ஒருவர், "நல்ல மனுசன், தண்ணி விசயத்துல மட்டும் கவனமில்லாம இருந்துட்டாரு" என்றார். என்னால் தாங்க முடியவில்லை.

"அவன் ஒண்ணும் சொல்லலீங்க. நானாத்தான் தொறந்தேன்."

சாவியை உன் மனைவியிடம் நீட்டினேன். தங்கச்சி வாங்கவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ண்ணே. அந்த மனுசன் முழுசா தொறக்கச் சொல்லுவாரா?"

தெரிந்துகொண்டேதான் தங்கச்சி இத்தனை வருடமும் எனக்குச் சோறு போட்டிருக்கிறது, மச்சான்.