ஐந்து மணிக்குத் தேய்த்த கார்டு

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அண்ணியும் பெண்பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் பேசினால் உன் பக்கத்தில் அவர் இருப்பார், என் பக்கத்தில் அத்தை இருப்பார். அத்தைக்குக் காது மந்தம் என்று யார் சொன்னாலும் நம்பாதே. அதனால்தான் உன் குடோன் முகவரிக்கு எழுதுகிறேன். பதிலைப் பக்கத்து வீட்டு டெய்லரக்கா பேருக்கு அனுப்பு.

உன் மாப்பிள்ளையைப் பார்சல் கம்பெனியில் நீ சேர்த்துவிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஆறு மாதத்தில் முழுநேரம் ஆகிவிடும் என்றாய். இன்னும் பகுதிநேரம்தான். தூக்குகிற பெட்டிக்கு யார் முழுநேரம், யார் பகுதிநேரம் என்று தெரியுமா? பக்கத்தில் நின்று அதே பெட்டியைத் தூக்குகிறவருக்கு மணிக்கு ஒன்றரை மடங்கு சம்பளம், மருத்துவக் கார்டு, லீவு. இவருக்கு ஒன்றும் கிடையாது. முழுநேரம் ஆன மறுமாதமே உங்கள் மாடி அறையைக் காலி செய்துவிட்டு, தனியாக வீடு பார்த்து எங்களைக் கூட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சின்னவள் அவரைப் 'போன் அப்பா' என்கிறாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை, அண்ணா.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பன்னிரண்டுக்கு வேலைக்குப் போகிறார், ஐந்துக்கு முடிகிறது என்கிறார். ஆனால் ஏழுக்கு முன்னால் ஒருநாளும் போனை எடுப்பதில்லை. ஏன் என்றால், "உங்க அண்ணனைக் கேளு" என்கிறார். கேட்டுவிட்டேன்.

உன் எலிக்குட்டி


பிப்ரவரி 15

என் எலிக்குட்டிக்கு,

சூப்பர்வைசர் என்று பெயர் போட்டு வந்த கடிதம் ஏதோ புகார் என்று நினைத்துத்தான் பிரித்தேன். பார்த்தால் புகாரேதான்.

உனக்கு ரகசியத்தைச் சொல்கிறேன். பகுதிநேர ஆட்களுக்கு ஒரு நாளைக்கு ஐந்து மணிநேரம்தான். அதைத் தாண்டி ஓடினால் முழுநேரச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சட்டம். மேனேஜர் என் கழுத்தைப் பிடிப்பார். ஆனால் வண்டி நிரம்பிக் கிளம்ப ஏழு ஆகிவிடும். அதனால் நாலே முக்காலுக்கே பதினோரு பேருடைய வருகைக் கார்டையும் நான் வாங்கிக்கொள்வேன். ஐந்து அடித்ததும் எல்லாவற்றையும் மெஷினில் தேய்த்துவிடுவேன். மெஷினைப் பொறுத்தவரை எல்லோரும் வீட்டுக்குப் போயாயிற்று. அதன்பிறகு வண்டி நிரம்பும்வரை ஒரு கை கொடுப்பார்கள்.

யாரையும் நான் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் யார் நின்றார்கள், யார் பையை மாட்டிக்கொண்டு போனார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். முழுநேரத்துக்குப் பெயர் எழுதிக் கொடுப்பவன் நான்தானே. மாப்பிள்ளை ஒருநாள்கூடப் போனதில்லை. நானும் ஆறு வருஷம் இப்படி நின்றுதான் மேலே வந்தேன். இந்தமுறை அவர் பெயர்தான் முதலில் இருக்கும், கவலைப்படாதே. ஜூனில் வீடு பார்க்கலாம்.

இதை டெய்லரக்காவிடம்கூட வாய்விடாதே.

உன் அண்ணன்


மார்ச் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை இருபது தடவையாவது படித்திருப்பேன். 'முதலில்' என்ற வார்த்தையைத் தடவிப் பார்த்துக்கூட விட்டேன். அரிசி டப்பாவுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் மாற்ற என்னென்ன தாள் வேண்டும் என்று விசாரித்துவிட்டேன். அத்தைகூட, "என்னை எந்த ரூம்ல போடுவே" என்று கேட்கிறார்.

சம்பளம் இல்லாத அந்த இரண்டு மணிநேரம் எனக்கு உறுத்துகிறதுதான். ஆனால் ஜூன் வரைக்கும்தானே. போனில் அவர் குரல் ரொம்பக் களைத்துக் கிடக்கிறது. கனமான பெட்டி வந்தால் கொஞ்சம் வேறு யாரையாவது தூக்கச் சொல், அண்ணா.

எலிக்குட்டி


ஏப்ரல் 20

அண்ணாவுக்கு,

அங்கே ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் இருவரையும் நீ வண்டியேற்றி ஊருக்கு அனுப்பிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. வலது கைக் கட்டை நேற்று பிரித்தார்கள். மூன்று விரல் இல்லை. சேதி கேட்டு நான் அங்கே வந்திறங்கிய அன்று நீ ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்ததையும் என் தோளில் சாய்ந்து அழுததையும் நான் மறக்கவில்லை. அன்று உனக்குத்தான் நான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

இன்று கம்பெனியிலிருந்து தபால் வந்தது. நஷ்டஈடு கிடையாதாம். பெட்டி ஓடுகிற பெல்ட்டில் கை சிக்கியது ஐந்து நாற்பதுக்கு, கார்டு தேய்த்தது ஐந்துக்கு. கூடவே ஒரு வாக்குமூலத்தின் நகல். 'மேற்படி நபர் ஐந்து மணிக்குப் பணி முடித்துச் சென்றுவிட்டார். பின்னர் எவருடைய அனுமதியுமின்றிக் குடோனுக்குள் நுழைந்துள்ளார்.' கீழே உன் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை மேலே இழுத்துச் சுழிப்பாயே, அதே சுழி.

அவரிடம் படித்துக் காட்டினேன். "அண்ணன் என்ன பண்ணுவார், அவருக்கும் மேலே ஆள் இருக்கு" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எனக்கு அப்படித் திரும்பிக்கொள்ள முடியவில்லை. இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். 'நான்தான் நிற்கவைத்தேன்' என்று ஒரு வரி எழுதிக் கொடு, அண்ணா. வேறொன்றும் கேட்கவில்லை.

எலிக்குட்டி


மே 2

என் எலிக்குட்டிக்கு,

மேனேஜர் தாளை நீட்டினார். "நீங்க கையெழுத்துப் போடலேன்னா கார்டைத் தேய்ச்சது யாருன்னு கேப்பாங்க" என்றார். போட்டுவிட்டேன். எனக்கும் இரண்டு பெண்கள். இந்த வயதில் என்னை வெளியே தள்ளினால் நான் எங்கே போய் மறுபடி ஆறு வருஷம் நிற்பது?

உனக்காக மேனேஜரிடம் கெஞ்சி ஒரு வேலை வாங்கியிருக்கிறேன். பார்சலுக்கு லேபிள் ஒட்டுவது. உட்கார்ந்தே செய்யலாம், ஐந்து மணிநேரம்தான். பிள்ளைகளை அத்தையிடம் விட்டுவிட்டு வா.

பிப்ரவரியில் உனக்கு ஒரு கடிதம் எழுதினேனே, அது இன்னும் இருக்கிறதா? அதை அடுப்பில் போட்டுவிடு. உன்னை ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. இது ஒன்றைச் செய்.

அண்ணன்


மே 16

அண்ணா,

நீ கேட்டபடி கடிதத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அவரும், "எரிச்சுடு, ஒரு குடும்பமாவது நிக்கட்டும்" என்றுதான் சொன்னார். சொல்லிக்கொண்டே சின்னவளுக்கு இடது கையால் சட்டைப் பொத்தான் போட்டுவிடப் பார்த்தார். வரவில்லை. அவள், "நானே போட்டுக்கறேன்பா" என்று அவர் கையை மெல்ல எடுத்துக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை லேபர் ஆபீசுக்குப் போனேன். அதிகாரி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பதினோரு பேர் என்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டார். எழுதியது யார் என்று கேட்டார். என் அண்ணன் என்றேன். "நல்லா யோசிச்சுத்தான் குடுக்கறீங்களாம்மா?" என்றார். மீதிப் பத்துப் பேர் இன்றைக்கும் ஐந்துக்கு மேல் அங்கேதான் நிற்கிறார்கள் என்றேன். வாங்கி வைத்துக்கொண்டார்.

உன்னை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். என்மேல் கோபப்படு, அண்ணியும் கோபப்படட்டும். நான் தப்பில்லாதவள் என்று எழுத வரவில்லை. சம்பளம் இல்லாமல் அவர் நிற்பது தெரிந்தும் மார்ச்சில் பள்ளிக்கூடம் விசாரித்தவள்தானே நான்.

லேபிள் வேலைக்கு நான் வரவில்லை. ஐந்து அடித்தால் என் கார்டும் உன் கையில்தான் இருக்கும்.

இதற்குப் பதில் எழுதாதே. இனிமேல் எனக்கு ஒரு வரி எழுதுவதென்றாலும் நீ பயந்து பயந்துதான் எழுதுவாய். நானும் அதைப் பத்திரமாக எடுத்து வைப்பேன். அப்படியொரு கடிதம் நமக்குள் வேண்டாம்.

தங்கை