அலைப்பலகை வாங்கிய அப்பா

பிப்ரவரி 2

அன்பு மகளுக்கு,

இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. போனில் சொன்னால் கத்துவாய் என்றுதான் கடிதம். உட்கார்ந்து படி. அப்பா கடலில் அலைச்சறுக்கு, அதுதான் சர்ஃபிங், கற்றுக்கொள்கிறேன். பலகையும் வாங்கியாயிற்று.

பளபளவென்று கூர்மூக்கோடு இருந்த ஆறடிப் பலகையைத்தான் கேட்டேன். சொல்லிக்கொடுக்கும் பெண் சிரித்துவிட்டாள். "அது பழகினவங்களுக்கு சார். உங்க எடைக்குப் படுத்தாலே முங்கிடும். நீளமா, அகலமா, தடிமனா எடுங்க. மேல நுரை வெச்சது, தலையில பட்டாலும் மண்டை உடையாது" என்றாள். ஒன்பதடிப் பலகை எடுத்தேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்குப் பெரிய வண்டிதான் ராசி. இதுவரை மண்டிதான் போட முடிகிறது, எழுந்து நின்றபாடில்லை.

உன் அப்பா

பிப்ரவரி 11

அப்பா,

 தம்பியைக் கொண்டுபோன கடலிலா? பதினெட்டு வருஷமாகக் கடற்கரை வழி ரூட் போட்டால்கூட மாற்றிக் கேட்டு வாங்கிய நீங்களா? நீச்சலே தெரியாதே உங்களுக்கு! அவனைப் பார்த்துக்கொள்ளாத பாவம் என் தலையில் ஒன்று இருக்கிறது, போதாதா? கெஞ்சிக் கேட்கிறேன், பலகையைத் திருப்பிக் கொடுங்கள்.

மகள்

பிப்ரவரி 20

அன்பு மகளுக்கு,

ஆறு மாதமாக நீச்சல் பழகிவிட்டுத்தான் இறங்கினேன். ஆனால் எழுத வந்தது அதுவல்ல.

நேற்று ஓர் அலை என்னைப் புரட்டி அடியில் அழுத்தியது. காலில் கட்டிய கயிறு இழுத்ததால் பலகையைப் பிடித்து மேலே வந்தேன். கரையில் விழுந்து, "நான்தான் போகச் சொன்னேன்" என்று அலறினேனாம். அந்தப் பெண் பயந்துபோய், "யாரை சார்?" என்று கேட்டாள்.

உன் தம்பியை. கடலுக்குப் போகட்டுமா என்று அன்று அவன் என்னிடம்தான் வந்து கேட்டான். இரவு டியூட்டி முடிந்த அசதி. "போடா, தூங்க விடு" என்றேன். அம்மா ஓடிவந்து கேட்டபோது வாயில் வந்தது, "அக்காகிட்ட பாத்துக்கச் சொன்னேனே." உன்னிடம் நான் அப்படிச் சொல்லவே இல்லையம்மா.

அப்பா

மார்ச் 1

மூன்று முறை படித்தேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னது என் காதில் விழாமல் போயிற்றே என்று பதினெட்டு வருஷம் என் காதையே சபித்தேன். அப்போது எனக்குப் பதினான்கு வயது. அம்மா அதற்குப் பிறகு ஒருநாள்கூட என் தலையைப் பின்னிவிடவில்லை. அதனால்தான் இவ்வளவு தூரம் வேலை தேடி வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஸ்டேஷனில் நின்று கையசைத்தீர்கள்.

அம்மாவிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். அதுவரை எழுத வேண்டாம்.

மார்ச் 9

மகளுக்கு,

சொல்லிவிட்டேன். அம்மா கத்தவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தாள், கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு, "அவ சின்னப் பொண்ணுய்யா" என்றாள். என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

பெட்டி கட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் உன்னிடம் வருகிறாள். திரும்புகிற டிக்கெட் எடுக்க வேண்டாம் என்றுவிட்டாள். முழங்காலோடு படி இறங்கச் சிரமப்படுவாள். ரயில் பெட்டி வாசலுக்கே போய்க் கையைப் பிடித்துக்கொள்.

அப்பா