வானிலைக்காரன் சொன்ன தீவு

பிராங்பேர்ட்,
கார்த்திகை 1986

அன்புள்ள கொறற்றிக்கு,

மாதா காவலிலை நீரும் பிள்ளையளும் சுகமாய் இருக்க மன்றாடுறன். எனக்கு ஒரு குறையுமில்லை.

ஒரு பகிடி கேளும். அகதி முகாம் டீவியிலை வானிலை சொல்லுறவன் ஒவ்வொரு நாளும் "தீவு, தீவு" எண்டான். எங்கடை நெடுந்தீவைத்தான் சொல்லுறான் எண்டு கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டப் போனன். பக்கத்திலை இருந்த செல்வரட்ணம் அண்ணை விழுந்து விழுந்து சிரிச்சார். "அது தீவில்லையடா, டீஃப். புயல் மழை கொண்டு வாற தாழமுக்கத்துக்கு ஜேர்மன்காரர் சொல்லுற சொல்லு."

அங்கை இப்ப புயல் காலம். தம்பியைக் கொண்டு கூரையை இறுக்கிக் கட்டும். காத்துப் பலத்தால் பிள்ளையளோடை கோயிலுக்குள்ளை போய் இரும். வாடைக்காத்து எப்பிடி எண்டு உடனை எழுதும். உம்மடை பதில் வரேக்கை காத்து மாறியிருக்கும். எண்டாலும் எழுதும்.

தபால்காரன் வந்திட்டான், முடிக்கிறன். இண்டைக்கும் அந்த வானிலைக்காரன் "டீஃப்" எண்டான். அர்த்தம் தெரிஞ்சும் எழும்பிக் கிட்டப் போனன்.

உம்மடை
சவிரிமுத்து